பெயரில்லாத லென்ஸும் செலினின் இடக்கண்ணும்

எனக்கு அக்காவாகவும் என் மகளுக்கு ஞானத்தாயாகவும் இருந்த என் தெரேசக்கா,

உன் முதல் வருஷ நினைவுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கோயில் மாத இதழிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். தருகிறேன் என்று தலையாட்டினேன். பூசை முடிந்தது, உன் கல்லறைமேல் வைத்த சாமந்தி காய்ந்து சருகாகிவிட்டது, அந்த மாத இதழும் வீடு வந்து சேர்ந்துவிட்டது. இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன். அடுத்த இதழில் போடுகிறோம் என்று பெரிய மனசோடு சொல்லியிருக்கிறார்கள். ஊரார் படித்தால் படிக்கட்டும். நான் உன்னிடம்தான் பேசுகிறேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லு என்பாய். சொல்கிறேன். செலின் ஓடுகிறாள். முற்றத்துத் தொட்டியில் கிடைத்ததை எல்லாம் போடுகிறாள், போன வாரம் அவள் அப்பாவின் மூக்குக்கண்ணாடி போயிற்று. சுவரில் இருக்கும் உன் படத்தைக் காட்டி "தேச்சா, தேச்சா" என்கிறாள்.

மற்ற சேதி இதுதான். அவளுடைய இடக்கண்ணில் வெள்ளை இருக்கிறது. நாளைக் காலை அவளைச் சென்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. சின்ன வயதில் இடி இடித்தால் உன் பாவாடைக்குள் தலையை விட்டுக்கொள்வேனே, அந்த மாதிரிப் பயம். இப்போது தலையை எங்கே வைப்பது?

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். பாரிசில் இருக்கும் என் நாத்தனார் குழந்தையைப் பார்க்கவில்லையே என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு படம் எடுத்து அனுப்பலாம் என்று நம் போட்டோ ஸ்டூடியோவுக்கே கொண்டு போனேன். மாமா அந்தப் பெரிய மரக் கேமராவில்தான் எடுத்தார். வேறு எதில் எடுப்பார் உன் வீட்டுக்காரர்?

அந்தக் கேமராவின் கதை உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதால் சொல்கிறேன். பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள் அல்லவா? கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் சாமான்களை ஏலம் விட்டபோது மாமா அந்தக் கேமராவை எடுத்து வந்தார். முன்னால் ஒரு பெரிய பித்தளைக் குழல், அதற்குள் லென்ஸ். வழக்கமாகக் குழலின் விளிம்பில் செய்தவர் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். இதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. எவரோ தேய்த்துத் தேய்த்து மெருகு போட்டதில் போயிருக்கலாம், முதலிலேயே இல்லாமலும் இருக்கலாம். நீ அதற்கு 'அனாதை' என்று பெயர் வைத்தாய். படம் நன்றாக வந்தால் மாமாவின் கைராசி. கெட்டுப்போனால் அனாதை வேலை. ஊரிலிருந்த மற்றப் படக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு, "இது மரம், மலை, கட்டடம் எடுக்கிற லென்ஸ், முகத்துக்கு ஆகாது, பொய் வெளிச்சம் போடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அனாதையின் பெயர் இன்னும் கெட்டது.

மாமா படத்தைக் கையில் கொடுத்தார். செலின் நாற்காலியில் உட்கார்ந்து அழலாமா சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகான படம். வலக்கண் கருந்திராட்சை. இடக்கண்ணின் மணிக்குள்ளே சாம்பலைத் தொட்டு வைத்ததுபோல் ஒரு வெள்ளை.

"மாமா, கண்ணுல இது இன்னா?"

"எங்க? அட, இதுவா! அனாதை வேலை. ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி இந்தப் பக்கம் துப்பியிருக்குது. தெரேஸ் இருந்திருந்தா நெகட்டிவுல நாலு சுரண்டு சுரண்டி, இருந்த எடம் தெரியாம ஆக்கியிருப்பா. நீ உக்காரு, நான் பிரிண்டுல மை வச்சுத் தரேன்."

"வேணாம் மாமா. இப்பிடியே குடுங்க."

"ஏன்? பாரிசுக்குப் போற படம். கண்ணு நல்லா இருக்க வேணாமா?"

கண் நன்றாக இருக்கவேண்டும் என்றுதானே நானும் கேட்கிறேன். படத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இவர் ஆபீசிலிருந்து வந்ததும் காட்டினேன். என் வீட்டுக்காரரை உனக்குத் தெரியும், எதற்கும் பதறமாட்டார். படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உனக்குப் பயப்பட ஏதாச்சும் ஒண்ணு வேணும் லூர்து. பிறந்தப்ப உச்சி துடிக்குதுன்னு அழுத. அப்புறம் காது கேக்கலன்னு சொல்லி, அவ தூங்கறப்ப தட்டைப் போட்டு ஒடச்ச. இப்போ கண்ணா? அடுத்த மாசம் எது, மூக்கா?" என்று சிரித்தார். பிறகு குழந்தையைத் தூக்கி, வாசலில் வெயிலில் நிறுத்தி, இரண்டு கண்ணையும் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இரண்டும் கறுப்பு. "பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். பார்த்த பிறகும் படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். அந்த லென்ஸ் எந்த வகை என்று கண்டுபிடிக்கவேண்டும். முகத்துக்கு ஆகாத லென்ஸ் என்று தெரிந்துவிட்டால் போதும், வெள்ளை அதன் வெள்ளை, என் மகளுடையது அல்ல. வெளிப்படையாகச் சொன்னால், குற்றம் அதன்மேல் விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றி, "அந்த லென்ஸ் ஓட்டை லென்ஸாக இருக்கட்டும் தாயே" என்று வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு வேண்டுதலை அவள் இதற்குமுன் கேட்டிருப்பாளோ என்னவோ.

நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவள், அடுப்பங்கரையில் அது எதற்கு உதவும் என்று நீ கேலி செய்வாய். உதவியது அக்கா. பெயர் இல்லாத லென்ஸைச் சுடரை வைத்து அறியலாம். ஒரு சுடரை அதற்கு முன்னால் பிடித்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் அந்தச் சுடரைத் திருப்பிக் காட்டும். காற்றைத் தொடும் பரப்பு என்றால் சுடர் பளிச்சென்று தெரியும். இரண்டு கண்ணாடிகளைப் பிசின் வைத்து ஒட்டிய இடமென்றால் மங்கலாக, பேய்ச்சுடர்போல் தெரியும். பளிச்சென்று எத்தனை, மங்கலாக எத்தனை என்று எண்ணினால் உள்ளே கண்ணாடிகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று தெரிந்துவிடும். எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது தெரிந்தால் எதற்காகச் செய்தது என்பதும் தெரியும். எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் வரைந்த படங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன.

மாமா முதலில் சம்மதிக்கவில்லை. "கழட்டினா மறுபடி மாட்டத் தெரியுமா உனக்கு? கோழி அறுத்தவ மாதிரி எல்லாத்தையும் துணியில பரப்பி வச்சுட்டுப் போயிடாத" என்றார். குழந்தையின் கண்ணுக்காக என்று சொன்னதும் பேசாமல் போய் ஜன்னலைச் சாத்தினார். நீ உட்கார்ந்து நெகட்டிவ் திருத்தும் மேசைமேல் துண்டை விரித்து, குழலை வைத்தோம். நான் மெழுகுவத்தியைப் பிடித்தேன்.

முன்பக்கத்தில் பளிச்சென்று இரண்டு சுடர். அவற்றோடு ஒன்று மங்கலாக. அதாவது ஒட்டிய ஜோடிக் கண்ணாடி. சரி. குழலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் அதேபோல் இருந்தால் மரம், மலை எடுக்க வைத்துக்கொள்ளும் சாதாரண வகை என்று முடிவு கட்டியிருப்பேன். பின்பக்கத்தில் நான்கு சுடர் தெரிந்தது. நான்கும் பளிச்சென்று. கண் கூசுகிறதோ என்று மெழுகுவத்தியை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். நான்கும் ஆடின. மங்கல் சுடர் ஒன்றுகூட இல்லை. பின்னால் இருந்த இரண்டு கண்ணாடிகளையும் ஒட்டவில்லை. நடுவே வளையம் வைத்துப் பிரித்திருந்தார்கள். முகப்பட லென்ஸ் என்று எங்கள் விரிவுரையாளர் வரைந்தது இதே அடுக்கைத்தான்.

"இன்னா சொல்லுது?" என்றார் மாமா.

"இது முகம் எடுக்கறதுக்குன்னே செஞ்ச லென்ஸ் மாமா. வேற எதுக்கும் இல்ல. ரொம்பப் பழசு. நடுவுல இருக்கிற முகம் துல்லியமா வரும், சுத்தி இருக்கறதெல்லாம் கலங்கிச் சுழலும்."

"அட, ஆமா! படமெல்லாம் அப்பிடித்தான் வருது! அப்போ இவனுங்க மரம் மட்டை எடுக்கற லென்ஸுன்னு சொன்னது?"

"தப்பு."

அவர் எழுந்து நின்றுவிட்டார். நீ போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. "ராஜா வூட்டுப் பிள்ளைய அனாதைன்னு கூப்பிட்டிருக்கோம்! தெரேஸுக்குத் தெரியாமப் போச்சே! நாளைக்கே போய் அவனுங்க ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்றேன்..." என்று போய்க்கொண்டே இருந்தவர் என்னைப் பார்த்தார். "ஏன் லூர்து, வெளுத்துப் போயிட்ட? உக்காரு, உக்காரு."

உட்கார்ந்தேன். ஆனாலும் விடவில்லை. நல்ல லென்ஸும் சில வேளை பொய் வெளிச்சம் போடும் அல்லவா? செலினின் பொம்மையை எடுத்து வந்து, அதே நாற்காலியில் அதே ஜன்னலுக்கு எதிரே வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கேமராவின் பின்புறத்துத் தேய்கண்ணாடியில் பொம்மை தலைகீழாக உட்கார்ந்திருந்தது. அதன் கண்ணாடிக் கண்கள் இரண்டும் சுத்தமாக இருந்தன. நாற்காலியை நகர்த்தச் சொன்னேன். கேமராவைத் திருப்பச் சொன்னேன். ஜன்னல் திரையை ஏற்றி இறக்கச் சொன்னேன். மாமா சலிக்காமல் எல்லாம் செய்தார். எங்கும் வெள்ளை விழவில்லை. செலினுக்கு முன்னும் பின்னும் எடுத்தவர்களின் நெகட்டிவ்களையும் பார்த்தோம். யார் கண்ணிலும் வெள்ளை இல்லை.

அனாதை நிரபராதி என்று தெரிந்துவிட்டது. நான் பொம்மையைத் தூக்கிக்கொண்டு தெருவில் எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

அதற்கு அடுத்த சாயங்காலம் என் கண்ணாலேயே பார்த்தேன். விளக்கு ஏற்றுவதற்கு முன்னால், கூடத்தில் மங்கல். தெருவில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள் கூவினாள். செலின் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். நான் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் இடக்கண்ணுக்குள்ளே, சிப்பியின் உட்புறம் மின்னுமே, அப்படி ஏதோ மின்னியது. அவள் தலையை அசைத்ததும் மறைந்துவிட்டது. "செலின், இன்னொரு தடவ திரும்புடி கண்ணு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு என்மேல் ஓடி வந்து விழுந்தாள்.

இவரிடம் சொன்னபோது இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

கண் டாக்டரிடம் போனோம். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கேயே படித்தவர். இன்னமும் எங்களைப் போன்றவர்களை மதாம், மொசியே என்று பிரெஞ்சில்தான் கூப்பிடுகிறார். செலின் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார். வெயிலில் கண்மணி சுருங்கிவிடும், அதனால்தான் வாசலில் தெரியவில்லை, மங்கலில் விரியும் என்று விளக்கினார். பிறகு ஒரு சின்ன விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து அசைத்து அசைத்துப் பார்த்தார். செலின் வீறிட்டாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். இவர் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளை இருக்குது, மதாம். ஆனா அது கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸுல படிஞ்சதா, இல்ல அதுக்கும் பின்னாடியான்னு இந்த அழுகையில எனக்குப் பிடிபடல. லென்ஸுலன்னா அது பிறவியிலயே வர்ற புரை. ஆபரேஷன் பண்ணலாம். பின்னாடின்னா..." என்று நிறுத்தினார். "எப்பலேருந்து இருக்குது? பழைய போட்டோ ஏதாச்சும் இருக்குதா?"

இருக்கிறதே! நான் கையோடு கொண்டு போயிருந்தேன். செலின் உட்காரத் தொடங்கிய புதிதில் நம் ஸ்டூடியோவில் எடுத்த படம். ஞானஸ்நான உடுப்பில், நீ தைத்த தொப்பியோடு. அதே கேமரா, அதே அனாதை. அதில் அவள் கண்கள் இரண்டும் அவ்வளவு சுத்தம். நான் பெருமையோடு நீட்டினேன் அக்கா. "பாருங்க டாக்டர், அப்போ ஒண்ணுமே இல்ல. நல்லாத்தான் பிறந்தா."

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அதான் மதாம் கவலையா இருக்குது. பிறந்தப்ப இல்லாம, இப்போ வந்திருக்குதுன்னா, அது வளருதுன்னு அர்த்தம். கண்ணுக்குப் பின்னாடி வளர்ற கட்டி ஒண்ணு இருக்குது, கொழந்தைங்களுக்குத்தான் வரும். தள்ளிப் போடாம சென்னைக்குப் போங்க. அங்க மயக்கம் குடுத்துப் பாப்பாங்க. கண்ண எடுத்துடணும்னு சொன்னா..." அவர் இவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எடுக்க விடுங்க மொசியே. உயிரு முக்கியம்."

வீட்டுக்கு வரும் வழியில் செலின் மருந்து விட்ட கண்ணைக் கசக்கிக்கொண்டு என் தோளில் தூங்கிவிட்டாள். அந்தப் பாரம் தோளில் இருக்கும்போது ஒரு தாய்க்கு என்னென்ன தோன்றும் என்று இங்கே எழுதமாட்டேன்.

சென்னை டாக்டரிடம் காட்ட அந்தப் பழைய படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டுத் தரச் சொல்லி ஸ்டூடியோவுக்குப் போனேன். மாமா பெட்டிகளில் தேடி அந்த நெகட்டிவ் கண்ணாடியை எடுத்தார். தூசு தட்ட ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

"லூர்து, இங்க வா."

கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். செலினின் இடக்கண் இருந்த இடத்தில் பளபளப்பு இல்லை. எறும்பு ஊர்ந்ததுபோல் மிக நெருக்கமான, மிக மெல்லிய கீறல்கள், வட்டமாக.

நெகட்டிவில் எல்லாம் மாறித் தெரியும் என்பது படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். படத்தில் வெள்ளையாக வருவது அதில் கறுப்பாக இருக்கும். அம்மைத் தழும்பின் நிழல் போன்றவற்றை நீ பென்சிலால் நிரப்புவாய். தேவையில்லாத வெள்ளை எங்காவது விழுந்திருந்தால் அந்தக் கறுப்பைக் கத்தி முனையால் சுரண்டி எடுப்பாய். பால் கொதித்து ஆறியதும் ஆடை எடுப்பதுபோல், அடியில் இருப்பது கலங்காமல். உன் கை படாமல் ஒரு நெகட்டிவும் அச்சுக்குப் போனது கிடையாது. கல்யாணப் பெண்ணின் மாறுகண் நேராகும், கிழவர்களின் கன்னத்தில் சதை ஏறும். ஊர்க்காரர்கள் அதற்காகவே நம் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். நீ போன பிறகு கத்தி பிடிக்க ஆள் இல்லை. மாமா வந்தது வந்தபடி அச்சுப் போடுகிறார். அதனால்தான் இப்போது எடுத்த படத்தில் வெள்ளை வெள்ளையாகவே வந்தது.

"இது தெரேஸ் கை" என்றார் மாமா. கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "அன்னிக்கே இருந்திருக்குது லூர்து. அவ எடுத்துட்டா."

டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னது எல்லாம் நீ சுரண்டிய கண்ணைப் பார்த்துச் சொன்னது. குழந்தையின் கண் அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

புதிய நெகட்டிவையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டிலும் முகத்தின் அளவு வேறு, ஆனால் கண்ணின் மணியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியுமே. நீ சுரண்டிய வட்டமும் இப்போதைய வெள்ளையும் மணியின் நடுவில் ஒரே அளவு இடத்தைத்தான் பிடித்திருந்தன. மாமா தன் பூதக்கண்ணாடியை வைத்து மறுபடி மறுபடி பார்த்தார். "வளரல லூர்து. சத்தியமா வளரல. நீயே பாரு" என்று சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். உனக்காகவா, செலினுக்காகவா, தெரியவில்லை. நானும் அழுதேன்.

இரண்டு கண்ணாடிகளையும் துண்டில் சுற்றி டாக்டரிடம் ஓடினோம். அவர் வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருக்கச் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டார், எங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். நெகட்டிவைச் சாய்த்துப் பார்க்க மாமா கற்றுக் கொடுத்தார்.

"யார் பண்ணது இது?" என்றார் டாக்டர்.

"என் சம்சாரம். ஸ்டூடியோவுல திருத்தற வேலை அவதான்" என்றார் மாமா.

"அவங்கள ஒரு வார்த்தை கேக்கலாமா?"

"அவ போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார் மாமா. டாக்டர் நெகட்டிவை மறுபடியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "அப்போவே இருந்து, இவ்வளவு நாளா பெரிசாகலன்னா, பிறவிப் புரையாத்தான் இருக்கணும். முழுசா சொல்ல எனக்குத் தைரியம் இல்ல மதாம், சென்னையில மயக்கத்துல பாத்துத்தான் சொல்லுவாங்க. ஆனா வெறும் போட்டோவை மட்டும் கொண்டு போயிருந்தீங்கன்னா, அவங்களும் நான் நெனச்சதத்தான் நெனச்சிருப்பாங்க. இந்தக் கண்ணாடிய மறக்காம எடுத்துட்டுப் போங்க. ஒடச்சிடாதீங்க" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். புரை என்றாலும் அந்தக் கண் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டது, ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு பார்க்கப் பழகும் என்று யாராலும் சொல்லமுடியாதாம். சீக்கிரம் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார்.

சீக்கிரம் தெரிந்திருந்தால்.

இந்த இடத்தில்தான் அக்கா, உன்னிடம் கேட்கவேண்டும். நீ பார்த்தாய். அது நிச்சயம். பார்த்துவிட்டு என்ன நினைத்தாய்? அனாதை துப்பியது என்று நினைத்து, எல்லோருக்கும் செய்வதுபோல் செய்துவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்தாயா? கறிவேப்பிலை ஆய்கிறபோது ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போடுகிறோமே, அவ்வளவுதானா?

அப்படி நினைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. ஆனால் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்தப் படத்துக்குப் பிறகு நீ செலினோடு ஒரு விளையாட்டு விளையாடுவாய். அவளை மடியில் வைத்துக்கொண்டு, உன் உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடுவாய். இடக்கண்ணை மூடினால் அவள் சிரிப்பாள். வலக்கண்ணை மூடினால் சிணுங்கி உன் கையைத் தள்ளிவிடுவாள். "பாரேன், எவ்ளோ கோவம் என் மவளுக்கு!" என்பாய். தினமும் ஒரு தடவையாவது செய்வாய். எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. உனக்கு?

அந்தக் கண் பார்க்கிறதா என்று சோதிக்கத்தான் அப்படிச் செய்தாய் என்றால் ஏன் சொல்லவில்லை? நான் பதறுவேன் என்றா? இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, நிச்சயமானதும் சொல்லலாம் என்று இருந்தாயா? அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டதா? கடைசி வாரம் நீ பேசியதெல்லாம் நினைவு தப்பிய பேச்சு. அதில் ஏதாவது எனக்குச் சொல்ல வந்ததா? மாமாவிடம் இதையெல்லாம் கேட்கமுடியவில்லை. அவர் அந்த மேசைப் பக்கமே போவதில்லை இப்போது.

சில வேளை உன்மேல் கோபம் வருகிறது. வந்த உடனே போய்விடுகிறது. சுரண்டாமல் விட்டிருந்தால் அந்தப் படத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கும், அவளுக்கும் நாட்கள் மிஞ்சியிருக்கும். ஆனால் உன் கத்தி போன தடம் கண்ணாடியில் இல்லாமல் இருந்திருந்தால், நாளை மறுநாள் என் மகளின் கண்ணை என்ன செய்திருப்பார்கள்? ஒரே கையில் இரண்டையும் வைத்துவிட்டுப் போய்விட்டாய். எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.

இவர் டிக்கெட் வாங்கி வைத்துவிட்டார். சென்னையில் என் கல்லூரித் தோழி வீட்டில் தங்குகிறோம். மாமாவும் கூட வருகிறார், நெகட்டிவைச் சாய்த்துக் காட்ட அவரைவிட்டால் யார்? பிடிவாதமாகக் கடைசிச் சட்டை வரைக்கும் மடித்து வைத்துவிட்டார். எனக்கு மயக்க மருந்தை நினைத்தால் ஒரு பயம். மயக்கத்தில் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வருவாரே, அந்தக் கதவை நினைத்தால் அதைவிடப் பயம். கட்டி என்று சொல்லிவிடுவாரோ? இங்கே டாக்டர் தப்பாகச் சொல்லியிருந்தால்? மாமாவும் நானும் பூதக்கண்ணாடியில் பார்க்க ஆசைப்பட்டதைத்தான் பார்த்தோமோ? ஒரு தடவை லென்ஸ் குற்றவாளியாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவள்தானே நான்?

செலின் இதோ பக்கத்தில் உட்கார்ந்து என் மைக்கூட்டைத் திறக்கப் பார்க்கிறாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலக்கண்ணால் குறி பார்க்கிறாள். இவ்வளவு நாளாக அதைச் செல்லமான சாய்வு என்று நினைத்திருந்தேன்.

கிளம்பும் முன் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அந்தக் கண்ணாடியைப் பெட்டியில் வைக்கமாட்டேன். சென்னை வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கீறல்களைப் பார்த்துவிட்டு இது யார் வேலை, ஏன் செய்தார்கள் என்று கேட்பார். அவர் எந்த முடிவைச் சொல்வதற்கு முன்னாலும் நான் அவருக்குப் பதில் சொல்லிவிடுவேன். உன்னைக் குறை சொல்லமாட்டேன், உனக்காகச் சாக்கும் சொல்லமாட்டேன். இந்தக் குழந்தையின் கண்ணில் வெள்ளையை முதல் முதலில் பார்த்தவள் என் அக்கா என்று சொல்வேன். அது எப்படி முடிந்தாலும், செலினுக்கு விவரம் தெரிகிற வயதில் அவளிடமும் அதையே சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செலினைப் பெற்றவள்,
லூர்து